சமையலறை போன் ஒண்ணு, ரிசார்ட் மொத்தமும் ஊமை (ஹோஸ்டட் பிபிஎக்ஸ், அதாவது இணைய சர்வர்ல ஓடுற ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்: அனுபவங்களைப் போடுங்க)

குன்னூர்_வயர்:
பியூஷன்பிபிஎக்ஸ் (எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்), ஒரே சர்வர், ஏழு டெனன்ட் (அதைப் பகிர்ற தனித்தனி கஸ்டமர்). கொடைக்கானல் ரிசார்ட்டில் ரிசப்ஷன் உட்பட 22 போனும் ஒரே நேரத்தில் "நோ சர்வீஸ்". இணையம் இருக்கு, வாட்ஸ்அப் கால் போகுது. வினை, சமையலறையில் புதுசா மாட்டின போன். அதோட செட்டிங்ஸ்ல சர்வர் கட்டத்தில் டெனன்ட் டொமைனுக்குப் பதிலா ஐபி எண். டொமைன் இல்லாம எக்ஸ்டென்ஷன் 101னு வந்தா எந்த டெனன்ட்டோட 101? சர்வர் மறுக்கும், போன் விடாம முட்டும், ஃபெயில்டுபேன் (தப்பான லாகின் தொடர்ந்தா அந்த ஐபியைத் தடுக்கிற மென்பொருள்) அந்தப் பொது ஐபியையே பூட்டிடும். 22 போனுக்கும் வெளியே தெரியுறது அந்த ஒரே ஐபிதான். தடையை எடுத்தாலும் ரெண்டு நிமிஷத்தில் மறுபடி பூட்டு. முதல்ல அந்தப் போனோட கேபிளைப் பிடுங்கணும்.

கோத்தகிரி_கேபிள்:
கஸ்டமர் ஐபியை ஒயிட்லிஸ்ட்ல (பூட்டக் கூடாத ஐபி பட்டியல்) போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே.
இங்க எஸ்டேட் ஆபீஸ் ஒண்ணு. வெளியே கூப்பிட்டா குரல் கண்ணாடி மாதிரி, ஆனா சரியா 32 செகண்ட்ல கட். எத்தனை தடவை போட்டாலும் 32தான். போனோட ஏசிகே (கால் எடுத்தாச்சுன்னு உறுதி சொல்ற செய்தி) சர்வருக்கு வந்து சேரல; 500 மில்லிசெகண்டைப் போல 64 மடங்கு காத்திருந்துட்டு சர்வரே காலை முறிக்குது. ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜி (இணைய போன் செய்திகளுக்குள்ள புகுந்து மாத்துற வசதி) ஆஃப், முடிஞ்சது.

பூம்பாறை_டவர்:
ஒயிட்லிஸ்ட்னு லேசா சொல்லிட்டீங்கண்ணே. சிஜிநாட் (பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி) கனெக்‌ஷன்ல அந்த ஐபி ஊர்ல பாதிப் பேருக்குச் சொந்தம், ரவுட்டர் ரீபூட் ஆனா மாறியும் போகும். வட்டக்கானல் ஹோம்ஸ்டே பாஸ்வேர்டைத் தப்பாப் போட்டதுக்கு மன்னவனூர் டெனன்ட் பூட்டப்பட்டது இப்படித்தான்.
ரவுட்டர்ல இருந்து சர்வருக்கு ஒயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) டனல் போடுங்க. டெனன்ட்டுக்கு ஒரு உள் ஐபி வரிசை கொடுத்து அதை மட்டும் ஒயிட்லிஸ்ட் பண்ணுங்க. கீப்அலைவ் (டனல் மூடாம இருக்க அனுப்புற சின்னச் செய்தி) 25 செகண்ட். ரவுட்டரைத் தாண்டி வழியில இருக்கிற ஏஎல்ஜி உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாது. டனல் சுமையையும் கணக்குல எடுங்க: ஜி.711 (குரலைச் சுருக்காத கோடெக்) ஒரு காலுக்கு ஒரு திசையில் 87 கிலோபிட், டனலுக்குள்ள 110ஐத் தாண்டும். பத்து கால் ஒண்ணா ஓடினா அப்லோடு 1.1 மெகாபிட்டுக்கு மேல தனியா ஒதுக்கணும். ஜி.729 (குரலைச் சுருக்குற கோடெக்) போட்டா மிச்சமாகும், ஆனா ஹோல்ட் மியூசிக் கேக்க சகிக்காது. இன்னொண்ணு, சர்வர்ல எஸ்ஐபிக்கான 5060 போர்ட்டை வெளியே திறந்து வைக்காதீங்க.

குன்னூர்_வயர்:
டனல் சரி தம்பி, மழைக்காலத்துல கரண்ட் போய் வந்தா? கடிகார பேட்டரி இல்லாத ரவுட்டர் பழைய தேதியில் எழுந்திருக்கும். ஒயர்கார்டு பழைய நேரமுத்திரையை ஏத்துக்காது, டனல் வராது. என்டிபியும் (இணையத்துல இருந்து நேரம் சரிபண்ற முறை) அந்த டனல் வழியாவே போனா நேரமும் திருந்தாது. என்டிபியை மட்டும் டனலுக்கு வெளியே விடு.