அறிவிப்பாளர் மாறும்போது நேயர்கள் அறுந்துபோகிறார்கள், அவசரம்

வானலைப்பிள்ளை:
எங்கள் இணைய வானொலியில் இரவு 9 மணி வரை பாரிஸிலிருந்து நான் செய்வேன். பிறகு ரொறன்ரோவிலிருந்து ஓர் அண்ணா எடுப்பார். நான் நிறுத்தி அவர் இணைப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நின்றுவிடுகிறது. நேற்று 40 பேர் இருந்தார்கள், மாறியதும் 11. என் அம்மம்மா போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துக் கேட்கிறவர். நின்றால் திரும்பப் போடத் தெரியாது. இன்றிரவும் நிகழ்ச்சி இருக்கிறது, தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

மின்கம்பி:
எந்த சர்வர்? ஐஸ்காஸ்ட்டா, ஷவுட்காஸ்ட்டா? எந்த மென்பொருளில் அனுப்புகிறீர்கள்?

திருச்சி ரவுட்டர்:
வைஃபையில் அனுப்புகிறீர்களா? முதலில் கேபிள் போடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் வைஃபைதான் காரணம்.

பழைய லாக்:
கேபிள் இதற்கு உதவாது. ஆள் மாறும் நேரத்தில் மட்டும் அறுந்தால் அது மவுண்ட் விஷயம், அதாவது சர்வரில் ஓர் ஓடைக்கு உள்ள முகவரி. எட்டு வருடமாக இங்கே சொல்லி வருகிறேன், எரர் லாகை, அதாவது சர்வரின் பிழைப் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று. அடிப்படையைப் படிக்காமல் வானொலி நடத்தக் கூடாது.

வானலைப்பிள்ளை:
மன்னிக்கவும் ஐயா. ஐஸ்காஸ்ட். அனுப்பும் மென்பொருள் எனக்கு பட் (BUTT), அண்ணாவுக்கு மிக்ஸ் (Mixxx). அவர் முன்கூட்டியே இணைக்கப் பார்த்தால் சர்வர் 403 என்ற பிழை எண் காட்டி மறுக்கிறது.

மின்கம்பி:
அப்போ இதுதான் காரணம். ஒரு மவுண்டில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் அனுப்ப முடியும், அதனால்தான் 403. நீங்கள் விலகியதும் அந்த மவுண்டே இல்லாமல் போகிறது, நேயர்களையும் சர்வர் வெளியே விட்டுவிடும். இரண்டாவது மவுண்ட் ஒன்றில் பாட்டு எந்நேரமும் ஓடட்டும். முதன்மை மவுண்டின் அமைப்பில் ஃபால்பேக்-மவுண்ட் (மாற்று மவுண்ட்) என்று அதன் பெயரைக் கொடுங்கள், ஃபால்பேக்-ஓவர்ரைடு 1 என்று வையுங்கள். நீங்கள் விலகினால் நேயர்கள் பாட்டுக்குப் போவார்கள், அண்ணா வந்ததும் தானாகத் திரும்புவார்கள். அந்த 1 இல்லாவிட்டால் பாட்டிலேயே நின்றுவிடுவார்கள்.

வானலைப்பிள்ளை:
செய்தேன். பாட்டுக்குப் போகிறார்கள், ஆனால் அண்ணா வந்ததும் சிலருக்கு நிற்கிறது, சிலருக்குக் குரல் கீச்சென்று வருகிறது!

பழைய லாக்:
அவர் எந்த பிட்ரேட், எந்த சாம்பிள்ரேட்? இதைக்கூட நாங்கள் கேட்டு வாங்க வேண்டுமா?

வானலைப்பிள்ளை:
நான் எம்பி3, பிட்ரேட் 128 கேபிபிஎஸ், சாம்பிள்ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. பாட்டும் அதேதான். அவரிடம் கேட்டேன்: சாம்பிள்ரேட் 48, மோனோ.

மின்கம்பி:
நீங்கள், அண்ணா, பாட்டு மூன்றின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐஸ்காஸ்ட் ஒலியை மாற்றிக் கொடுக்காது, வந்ததை அப்படியே தள்ளும். ஓடும்போதே அளவு மாறினால் பல பிளேயர்கள் குழம்பிவிடும்.

கடலோரம்:
என் கருத்து: ஓடைகளைக் கலந்து அனுப்பும் லிக்விட்சோப் மென்பொருளைப் போடுங்கள். அறிவிப்பாளர்கள் அதன் ஹார்பர் என்ற உள்வாங்கும் பகுதியில் ஆளுக்கொரு மவுண்டில் இணைவார்கள், அது பிரித்து மறுபடி என்கோட் செய்து ஒரே ஓடையாக ஐஸ்காஸ்ட்டுக்கு அனுப்பும். யார் என்ன அளவில் அனுப்பினாலும் நேயருக்குத் தெரியாது. ஃபால்பேக்கில் ட்ராக்_சென்சிட்டிவ் ஃபால்ஸ் என்று வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஓடும் பாட்டு முடியும்வரை ஆள் மாற மாட்டார்.

திருச்சி ரவுட்டர்:
இன்னமுமா எம்பி3? ஓபஸ் என்ற புதிய ஒலி வடிவம் 64 கேபிபிஎஸ்ஸிலேயே அருமையாகக் கேட்கும். டேட்டாவும் மிச்சம்.

கடலோரம்:
பழைய வைஃபை ரேடியோப் பெட்டிகளில் ஓபஸ் வராது தம்பி. வயதானவர்கள் வைத்திருப்பது அதுதான். அவர்கள் கேட்க முடியாமல் டேட்டாவை மிச்சம் பிடித்து என்ன பயன்?

திருச்சி ரவுட்டர்:
இரண்டு மவுண்ட் கொடுக்கலாமே, ஒன்று எம்பி3, ஒன்று ஓபஸ்.

பழைய லாக்:
இழையைத் திசை திருப்பாதீர்கள். இன்னொன்று: அண்ணாவின் இணையம் அமைதியாகச் செத்தால் சர்வருக்கு உடனே தெரியாது. சர்வர் காத்திருக்கும் நேரமான சோர்ஸ்-டைம்அவுட் இயல்பாக 10 நொடி. அதுவரை மௌனம்தான்.

வானலைப்பிள்ளை:
அண்ணாவும் 44.1 ஸ்டீரியோ வைத்தார். நேற்று 9 மணிக்கு 43 பேர், மாறிய பிறகும் 41. அம்மம்மா அழைக்கவில்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. லிக்விட்சோப் சனிக்கிழமை பார்க்கிறேன்.

கோவை அலைவரிசை:
எனக்கும் இதே பிரச்சினை, ஷவுட்காஸ்ட்டில். யாராவது இருக்கிறீர்களா?

மின்கம்பி:
எந்தப் பதிப்பு?