மறு: டைனமிக் பக்கம், அப்ளிகேஷன் சர்வர் – 'வார்ப்புப் பக்கம்', 'நிரலோட்டி' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

டைனமிக் பக்கம் (கேட்கிற நேரத்தில் உருவாகும் வலைப்பக்கம்), அப்ளிகேஷன் சர்வர் (அதற்கான நிரலை ஓட்டிக்கொண்டே இருக்கும் மென்பொருள்) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவற்றை எல்லாம் படித்தேன். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டைனமிக் பக்கத்தை 'வார்ப்புப் பக்கம்' என்றும், அப்ளிகேஷன் சர்வரை 'நிரலோட்டி' என்றும் சொல்லலாம். காரணங்களைக் கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> 'இயங்குநிலைப் பக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்கும் சொல்லைச் சும்மா தள்ளக் கூடாதுதான். ஆனால் 'இயங்கு' ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை பார்க்கிறது. தமிழ்நாட்டில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இயங்குதளம் இருக்கிறது (இலங்கைப் பாடநூல்களில் அது பணிசெயல் முறைமை). மலேசியாவில் ஆன்லைனுக்கே இயங்கலை என்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. இயங்குநிலைப் பக்கம் என்று ஒரு மாணவரிடம் சொன்னால், படங்கள் நகர்கிற, தொட்டால் பட்டியல் விரிகிற பக்கம் என்றுதான் நினைப்பார். அதெல்லாம் உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் பார்க்கிற வேலை. வட்டில் ஒரே கோப்பாகக் கிடக்கும் பக்கமும் அதைச் செய்யும். தேர்வு முடிவு காட்டும் பக்கத்தில் ஒரு எழுத்துகூட அசையாது, ஆனால் அதுதான் அசல் டைனமிக் பக்கம். பதிவெண்ணைத் தட்டி அனுப்பிய பிறகே அந்தப் பக்கம் பிறக்கிறது. 'மாறும் பக்கம்' என்பதிலும் இதே கோளாறு உண்டு. கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால் எந்தப் பக்கமும் மாறும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் அசைவையோ மாற்றத்தையோ சொல்லக் கூடாது. கேட்கிற நேரத்தில் உருவாக்கித் தரப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

நாம் எல்லோரும் அன்றாடம் பார்க்கிற தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம். மதுரை பற்றிய கட்டுரையை அங்கே எச்டிஎம்எல் (உலாவி படிக்கும் பக்க மொழி) கோப்பாக யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டுரையின் மூலம் விக்கிக் குறியீட்டு உரையாகச் சேமிப்பில் இருக்கிறது. எந்தப் பதிப்பு கடைசி, யார் எப்போது திருத்தினார் என்ற விவரங்கள் மரியாடிபி தரவுத்தளத்தில் வரிசை வரிசையாக இருக்கின்றன. வலப்பக்கம் தெரிகிற தகவல்பெட்டியின் வடிவம் வேறொரு பக்கத்தில், வார்ப்புருவாகத் தனியே இருக்கிறது. யாராவது கட்டுரையைக் கேட்டால், முன்பே உருவாக்கி வைத்த பிரதி இல்லாதபோது, விக்கிப்பீடியாவை நடத்தும், பிஎச்பி மொழியில் எழுதிய மீடியாவிக்கி நிரல் மூலத்தை எடுத்து, வார்ப்புருவுக்குள் மக்கள்தொகையையும் பரப்பளவையும் இட்டு, எச்டிஎம்எல்லாக ஆக்கி அனுப்புகிறது. நீங்கள் உள்நுழைந்திருந்தால் மேலே உங்கள் பயனர் பெயர் வரும், உங்களுக்கு வந்த அறிவிப்புகள் வரும். அதே நொடியில் பக்கத்து வீட்டுக்காரர் திறந்தால் அவருக்கு வேறு தலைப்பகுதி. ஒரு வார்ப்புருவைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் அத்தனைக் கட்டுரைகளும் வரிசையில் நின்று மறுபடி உருவாகின்றன. பெரிதாகப் புழங்கும் ஒரு வார்ப்புருவில் கைவைத்தவர்களுக்கு, மாற்றம் எல்லாக் கட்டுரைகளுக்கும் போய்ச்சேரச் சற்று நேரம் பிடிப்பது தெரிந்திருக்கும்.

டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' என்ற அருமையான சொல்லைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் நிலைநாட்டிவிட்டார்கள். இன்று அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. வார்ப்புரு என்று ஒன்று இருந்தால், அதில் தரவை ஊற்றி எடுப்பது வார்ப்புதானே? வார்ப்பிரும்பு, வார்ப்படம் எல்லாம் பழகிய சொற்கள். வார்த்தல் பட்டறையோடு நின்ற வினையும் அல்ல. தோசை வார்ப்பது என்று வீட்டிலேயே சொல்கிறோம். மாவு தயாராக இருக்கும், கல் தயாராக இருக்கும், ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வார்ப்பார்கள். ஒருவருக்கு முறுகலாக, இன்னொருவருக்கு வெங்காயம் தூவி. டைனமிக் பக்கம் செய்வது இதைத்தான்.

ஒரு சொல்லிலிருந்து ஒரு குடும்பமே கிடைப்பது இதில் இன்னொரு வசதி. ரெண்டர் செய்வது, அதாவது தரவை இட்டுப் பக்கமாக்குவது, வார்த்தல். அந்த வேலையைப் பார்க்கும் நிரல்பகுதி வார்ப்பி. கேஷில் (மறுபடி கேட்டால் உடனே தர எடுத்து வைக்கும் இடத்தில்) இருப்பது வார்த்து வைத்தது. கலைச்சொல் தனியாக வந்து உட்கார்ந்தால் எடுபடாது, வினையாகவும் பெயராகவும் எச்சமாகவும் வளைந்துகொடுக்க வேண்டும்.

> 'ஆக்கப் பக்கம்' இன்னும் எளிது. அல்லது 'தொகுபக்கம்'?

ஆக்கம் என்றால் படைப்பு என்ற பொருள் வலுவாக ஊன்றிவிட்டது, இலங்கை எழுத்தில் இன்னும் வலுவாக. ஆக்கப் பக்கம் என்றதும் கவிதை, கட்டுரை வெளியாகும் பக்கம் என்றுதான் தோன்றும். 'தொகு' விக்கிப்பீடியாவில் எடிட் பொத்தானின் பெயர். அதை இங்கே கொண்டுவந்தால் தொகுபக்கம் என்பது திருத்தும் பெட்டி என்றாகிவிடும்.

'வார்ப்புப் பக்கம்' என்பதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை நானே எழுப்பிவிடுகிறேன். ஜெக்கில், ஹியூகோ மாதிரித் தளம் கட்டும் கருவிகளும் வார்ப்புருவில் தரவை இட்டுத்தான் பக்கம் செய்கின்றன. ஆனால் வரும் பக்கங்கள் ஸ்டாட்டிக், அதாவது முன்கூட்டியே செய்து கோப்பாகக் கிடப்பவை. அப்படியானால் வார்ப்பு என்ற சொல் இரண்டையும் பிரிக்கவில்லையே? உண்மை. வேறுபாடு வார்ப்பதில் இல்லை, எப்போது வார்க்கிறோம் என்பதில்தான். அதனால் அவற்றை 'முன்வார்ப்புப் பக்கம்' என்று சொல்லலாம். கையால் எழுதி வைத்த பக்கத்துக்கு 'நிலைப்பக்கம்' இருக்கிறது. வெறுமனே வார்ப்புப் பக்கம் என்றால் கேட்டபின் வார்ப்பது என்று கொள்வோம். 'உடன்வார்ப்பு' என்று யோசித்துப் பார்த்தேன். உடன்பிறப்பு, உடன்படிக்கை எல்லாம் கூடவே என்ற பொருளுக்கு இழுக்கின்றன, அதனால் விட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் ஸ்டாட்டிக், டைனமிக் என்று இரண்டே பெட்டிகள் இருப்பதால் நடுவில் இருக்கிற இந்த வகை எதில் சேரும் என்று குழம்புகிறார்கள். நம் சொற்களில் அந்தக் குழப்பம் இல்லை.

இனி அப்ளிகேஷன் சர்வர். முன்மொழிந்தவை இரண்டு: 'செயலி வழங்கி', 'பயன்பாட்டு வழங்கி' (வழங்கி என்பது சர்வர்). செயலி என்ற சொல் பிராசசருக்கு வந்து, நுண்செயலியில் நிலைத்து, அப்புறம் கைப்பேசி ஆப்புக்கும் வந்துவிட்டது. இன்றைக்குச் செயலி வழங்கி என்றால் ஆப்களைத் தரவிறக்கும் கடை என்றே படிப்பார்கள். பயன்பாட்டு வழங்கியைப் பார்த்தால் 'பயன்பாட்டு விதிமுறைகள்'தான் நினைவுக்கு வருகிறது. எதைப் பயன்படுத்துவது என்பதே விளங்கவில்லை.

இந்தப் பொருள் ஏன் தோன்றியது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். 1993-இல் வந்த சிஜிஐ முறையில், வலை வழங்கிக்கு ஒரு வேண்டுகோள் வந்தால் அது ஒரு நிரலைப் புதிதாக எழுப்பும். நிரல் நினைவகத்தில் ஏறி, தரவுத்தளத்தோடு இணைப்புப் போட்டு, வினவலை அனுப்பி, விடையை அச்சிட்டுவிட்டுச் செத்துப்போகும். அடுத்த வேண்டுகோளுக்கு மறுபடி முதலிலிருந்து. பத்துப் பேர் வரும் தளத்துக்கு அது போதும், கூட்டம் வந்தால் வழங்கி திணறும். இணைப்புப் போடுவதற்கே, விடை தேடுவதைவிட அதிக நேரம் போகலாம். அதோடு, முந்தைய வேண்டுகோளில் வந்தவர் யார் என்ற ஞாபகமும் நிரலோடு சேர்ந்து போய்விடும்.

அப்ளிகேஷன் சர்வர் தீர்த்துவைத்தது இதைத்தான். நிரல் சாகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தரவுத்தள இணைப்புகளைச் சிலவற்றைத் திறந்தே வைத்துக்கொண்டு, வருகிற வேண்டுகோள்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும். யாருடைய அமர்வு எது என்று நினைவில் வைத்திருக்கும். 1998-இல் திறமூலமாக வெளிவந்த சோப் (Zope) என்ற மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே பைத்தான் நிரலுக்குள் வலை வழங்கி, வார்ப்புரு மொழி, பொருட்களை அப்படியே சேமிக்கும் தரவுத்தளம் எல்லாம் இருந்தன. 8080 என்ற துறையை (போர்ட்) உலாவியில் திறந்து, அங்கிருந்தே தளத்தைக் கட்டலாம். ஜாவா பக்கம் டாம்கேட் என்ற மென்பொருள் 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளை வசம் வந்தது. அதன் வேலையும் நிரலை விழித்திருக்க வைப்பதே.

நம் ஆட்கள் ரன் செய்வதை எப்படிச் சொல்கிறார்கள்? "ஓட்டிப் பாரு", "ஓடுதா?" என்றுதான். இந்தப் பேச்சு வழக்கையே எடுத்துக்கொண்டால் நிரலை ஓட்டுவது நிரலோட்டி. வலை வழங்கி இருப்பதை எடுத்துக் கொடுக்கும், நிரலோட்டி நிரலை ஓட்டி விடையைத் தரும். 'நிரலகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நூலகம் மாதிரி, நிரல்கள் அடுக்கி வைத்த இடமாக ஒலிக்கிறது. 'கொள்கலன்' டாக்கர் மென்பொருளின் கன்டெய்னருக்குப் போய்விட்டது. 'வார்ப்பு வழங்கி' என்றும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. இன்றைக்கு நிரலோட்டிகள் பல, பக்கமே வார்ப்பதில்லை. கைப்பேசிச் செயலிக்கு ஜேசான் வடிவில் வெறும் தரவை அனுப்புவதோடு சரி.

தரவுத்தளம், வினவல், அமர்வு மூன்றும் நன்றாகவே புழங்குகின்றன, தொட வேண்டாம். வழங்கியா, சேவையகமா என்ற சண்டையும் இங்கே வேண்டாம். நிரலோட்டி என்ற சொல் இரண்டோடும் ஒத்துப்போகும்.

ஓட்டிப் பார்க்கச் சில வாக்கியங்கள்:

"உள்நுழையாதவருக்கு வார்த்து வைத்த பக்கம் போகும், உள்நுழைந்தவருக்குப் புதிதாக வார்க்கப்படும்."

"நிரலோட்டியை நிறுத்தித் தொடங்கினால் அமர்வுகள் கலைந்துவிடும்."

"தேர்வு முடிவு வரும் நாளில் எல்லாப் பக்கங்களையும் முன்வார்ப்பாகச் செய்துவிட்டால் தரவுத்தளத்துக்குச் சுமை இருக்காது."

எனக்கு இவை இடறாமல் ஓடுகின்றன. முக்கியமாக இலங்கை, மலேசிய நண்பர்கள் படித்துவிட்டு எந்த இடத்தில் உறுத்துகிறது என்று எழுதுங்கள். 'வார்' என்ற வினை உங்கள் பக்கம் பேச்சில் இருக்கிறதா, இருந்தால் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு விக்சனரியில் பக்கம் தொடங்கலாம்.