சமகாலப் பிலிப்பைன்ஸ் கலை: கோடு, நிறம், சமநிலை என்ற பட்டியல் போதுமா?

தூரிகை கேட்டது:

வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு நான் ஓவியம் கற்பிக்கிறேன். தென்கிழக்கு ஆசியாவின் சமகாலக் கலையை இந்த ஆண்டு அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருப்பதால் பிலிப்பைன்ஸைத் தேர்ந்தெடுத்துப் படித்து வருகிறேன். கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல், இழைநயம், வெளி ஆகியவற்றைக் கலையின் கூறுகள் என்றும், சமநிலை, லயம், விகிதம், அழுத்தம், ஒருமைப்பாடு ஆகியவற்றை அமைப்பு விதிகள் என்றும் சொல்லித்தருவது எங்கள் வழக்கம். ஃபெர்னாண்டோ அமோர்சோலோவின் வயல்வெளி ஓவியங்களை இந்த முறையில் விளக்குவதில் எந்தச் சிரமமும் இல்லை. உருவங்களுக்குப் பின்னாலிருந்து வெயில் விழுவதையும், தோளின் விளிம்பு பொன்னாய் ஒளிர்வதையும் மாணவர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள்.

அல்ஃபிரடோ, இசபெல் அகிலிசான் தம்பதியரிடம் வரும்போதுதான் தடுமாறுகிறேன். துணிமணி, பொம்மை, பாத்திரம் போன்ற வீட்டுச் சாமான்களைக் கனசதுரங்களாக அழுத்திக் கட்டி, சுவர்போல அடுக்கிவைத்த அவர்களுடைய படைப்பைக் காட்டி, ‘அடுக்கில் சமநிலை இருக்கிறது, நிறங்களில் வேறுபாடு இருக்கிறது’ என்று சொன்னால், அதைப் பற்றி எதையுமே சொல்லாதது போலாகிவிடுகிறது. பழைய கூறுகளை விட்டுவிட வேண்டுமா, அவற்றோடு வேறு எதையாவது சேர்த்துப் பார்க்க வேண்டுமா? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

கரிக்கோல் மறுமொழி:

விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கூறுகள் எதற்காக வேலை செய்கின்றன என்ற கேள்வியைத்தான் நாம் வகுப்பில் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அன்டிபாஸ் டெலோடாவோ 1978இல் நீர்வண்ணத்தில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. ‘மாங் ஹுவானின் நெஞ்சில் வெட்டுக்கத்தி’ என்பது அதன் தலைப்பு. மெலிந்து தளர்ந்த, வயதேறிய தொழிலாளி ஒருவர் கோகோ-கோலா விளம்பரத்தைக் கடந்து நடந்துபோகிறார். விளம்பரத்தின் எழுத்துகள் அவரைவிடப் பெரியவை. அவற்றில் ஒன்றின் வால் நீண்டு, வளைந்து, கூராகி, சரியாக அவருடைய நெஞ்சருகே வந்து முடிகிறது. ஓவியர் கத்தி எதையும் வரையவில்லை. எழுத்தின் வளைவும் அந்த மனிதர் நிற்கும் இடமும் சேர்ந்தே கத்தியாகின்றன. கோடு என்ற கூறையும் அழுத்தம் என்ற விதியையும் விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் 1972இல் அதிபர் மார்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார் என்பதையும், 1976இல் உருவான ‘கைசஹான்’ என்ற குழுவின் ஓவியர்கள் உழைப்பாளர் வாழ்வையும் அந்நிய மூலதனத்தின் பிடியையும் பொதுமக்களுக்குப் புரியும் உருவங்களில் தீட்ட முனைந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால், மாணவர்கள் கோட்டின் அழகைப் பார்த்துவிட்டு அதன் கூர்மையைத் தவறவிடுவார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட அமோர்சோலோவுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய விக்டோரியோ எடாடெஸ் 1928இல் மணிலாவில் காட்சிக்கு வைத்த ‘கட்டடத் தொழிலாளர்’ ஓவியத்தில் அந்தப் பொன்வெயில் கிடையாது. மண்நிறமும் பழுப்பும் அப்பிய பரப்பில், உடல் முறுக்கேறிய மனிதர்கள் கல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். நிறத்தை மங்கலாக்கியதும் உருவத்தின் விகிதத்தைத் திரித்ததும், நாட்டை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை. இதையொட்டி மரபுவழி ஓவியர்களுக்கும் நவீன ஓவியர்களுக்கும் இடையே எழுந்த சச்சரவு பல ஆண்டுகள் நீடித்தது. 1948இல் தொடங்கப்பட்ட பிலிப்பைன்ஸ் கலைச் சங்கத்தின் 1955ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து மரபுவழி ஓவியர்கள் வெளிநடப்புச் செய்யும் அளவுக்கு அது போனது. வெறும் பாணி பற்றிய வேறுபாட்டுக்காக யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆற்றங்கரை மறுமொழி:

நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். இங்கே ராபர்ட்சன் கீ பகுதியில் ஆற்றின் மேல் இருக்கும் அல்காஃப் பாலத்தை, பத்தானெஸ் தீவில் பிறந்த பசிட்டா அபாட் வண்ண வட்டங்களால் நிறைத்தார். 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பணி முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில் அவர் மறைந்தார். உங்கள் வகுப்புக்கு அவருடைய ‘டிரபுன்டோ’ படைப்புகளை அவசியம் எடுத்துச் செல்லுங்கள். சட்டகத்தில் இழுத்துக் கட்டாத கித்தானில் வண்ணம் தீட்டி, பின்புறம் துணி வைத்து, இடையே பஞ்சடைத்துத் தைத்து, அதன்மேல் சிப்பி, பொத்தான், கண்ணாடித் துண்டு ஆகியவற்றைக் கோத்து அவர் உருவாக்கியவை அவை. இழைநயத்தை வண்ணத்தால் போலியாகக் காட்டாமல், விரலால் தடவி உணரும்படி மேடாகவே எழுப்பியிருக்கிறார். ஓவியமா, மெத்தைத் தையலா, சிற்பமா என்று வடிவத்தை வகைப்படுத்துவதும் கடினம். தையலைப் பெண்களின் வீட்டுவேலை என்று ஒதுக்கிவைத்த காலத்தில் அவர் அதைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். அமெரிக்காவின் வாக்கர் கலை மையம் 2023இல்தான் அவருடைய படைப்புகளை முழுமையாகத் திரட்டிக் காட்சிப்படுத்தியது. இவ்வளவு தாமதமானது எனக்கு வருத்தமே.

அகிலிசான் தம்பதியரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் மக்கள் ஊருக்கு அனுப்பும் ‘பாலிக்பாயன்’ அட்டைப்பெட்டியைத் தெரியாமல் அந்தப் படைப்பைப் படிக்க முடியாது. சோப்பு, சாக்லேட், தகரத்தில் அடைத்த இறைச்சி, துண்டு, பிள்ளைகளின் காலணி என்று மாதக்கணக்கில் சேர்த்து, ஓர் இடுக்குக்கூட விடாமல் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். இங்குள்ள கடைத்தொகுதி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பணிப்பெண்கள் அந்தப் பெட்டிகளை ஒட்டிக் கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். அகிலிசான் குடும்பமும் 2006இல் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தது. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுவிடுவது என்று ஒரு குடும்பம் முடிவுசெய்யும் கணத்தைத்தான் அந்தக் கனசதுரங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டியது பொருள் என்ற கூறு. அது எதனால் ஆனது, யார் பயன்படுத்தியது, எங்கிருந்து எங்கே பயணப்பட்டது என்று கேட்கத் தொடங்கினால், அடுக்கில் உள்ள நெருக்கமும் விகிதமும் தாமாகவே பேசும். இமெல்டா கஹிபே எண்டாயா 1995இல் வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றி அமைத்த நிறுவல் படைப்பையும் (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துவைத்து உருவாக்கும் கலை) இதனோடு சேர்த்துக் காட்டலாம்.

பாவும் ஊடும் மறுமொழி:

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ் மேல்நிலைப் பள்ளிகளில் நாட்டின் வட்டாரங்களின் சமகாலக் கலை தனிப் பாடமாகவே இருந்துவந்திருக்கிறது. கோடு, நிறம் முதலியவற்றுக்கு அப்பால் எடுத்தாளுதல், நிகழ்த்துதல், வெளி, கலப்பு, தொழில்நுட்பம் ஆகிய ஐந்தையும் அந்தப் பாடம் சமகாலக் கலைக்குரியவையாகக் கற்பித்துவந்தது. டெலோடாவோ விளம்பர எழுத்தைக் கையாண்டது எடுத்தாளுதல். அபாட் செய்தது கலப்பு. வெளிக்கும் நிகழ்த்துதலுக்கும் ராபர்ட்டோ வில்லனுவேவாவைத்தான் சொல்வேன். மணிலாவில் உள்ள பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையத்தின் திறந்தவெளியில் 1989இல் அவர் ரூனோ நாணல்களால் பெரிய சுருள்வழி ஒன்றை அமைத்தார். உயர்ந்த நாணல் சுவர்களுக்கிடையே சுற்றிச் சுற்றி நடந்தால், நடுவில் கார்டில்லெரா மலைக்கிராமங்களின் பெரியவர்கள் கூடும் ‘டப்-ஆய்’ போன்ற கல்வட்டத்தை அடையலாம். நடக்காமல் அதைப் பார்த்துவிட முடியாது. நடப்பவரின் உடல்தான் அங்கே லயத்தை உண்டாக்குகிறது. பிறகு அது மட்கி மண்ணோடு கலக்க வேண்டும் என்பதும் அவருடைய திட்டத்தின் ஒரு பகுதி.

நெசவைக் குறித்து எனக்குத் தனி அக்கறை உண்டு. சமகாலம் என்றவுடன் நிறுவல் கலையையும் ஒளிப்படத்தையும் மட்டும் எண்ணிக்கொண்டு, ‘திநலக்’ துணியைப் பழங்கால அருங்காட்சியகப் பொருளாக ஒதுக்கிவிடாதீர்கள். தென் பிலிப்பைன்ஸின் செபு ஏரிப் பகுதியில் வாழும் திபோலி பழங்குடிப் பெண்கள் அபாக்கா என்ற வாழையினச் செடியின் நாரைப் பிரித்து, முடிச்சிட்டு, நூலை நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமேற்றுகிறார்கள். கருமை, செம்மை, நாரின் இயல்பான வெண்மை ஆகிய மூன்றே நிறங்கள். காகிதத்தில் வரைந்த மாதிரி எதுவும் கிடையாது. கோலத்தைக் கனவில் பெறுவதாகச் சொல்கிறார்கள். அந்த மரபின் லாங் டுலாய்க்கு 1998இல் நாட்டின் உயரிய மரபுக்கலைஞர் விருது வழங்கப்பட்டது. 2015இல் அவர் மறைந்தார். நம் காலத்தில் வாழ்ந்து, நம் காலத்தில் நெய்தவர் அவர். சமச்சீர், மறுநிகழ்வு என்ற விதிகளுக்கு அவருடைய துணி அருமையான சான்று. ஆனால் நெசவைச் சுற்றி நோன்பும் விலக்கும் உண்டு. துணியைத் தாண்டி நடக்கக்கூடாது என்பார்கள். எனவே அழகான வடிவமைப்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

தூரிகை மறுமொழி:

மூவருக்கும் மிக்க நன்றி. எனக்குக் கிடைப்பவை இரண்டு பாடவேளைகள் மட்டுமே. எதை முதலில் காட்டுவது, செய்முறையாக எதைக் கொடுப்பது?

கரிக்கோல் மறுமொழி:

முதல் வேளையில் அமோர்சோலோ, எடாடெஸ், டெலோடாவோ என்ற வரிசையில் மூன்றே படங்கள் போதும். டெலோடாவோவின் தலைப்பை முதலில் சொல்லாதீர்கள். அந்த எழுத்தின் வாலை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கக் காத்திருங்கள். இரண்டாம் வேளையில் அபாட், திநலக், அகிலிசான். திநலக்கைத் தையலுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் வைத்தால், அதைத் தொல்பொருளாகப் பார்க்கும் பழக்கம் தானாகவே விலகும். செய்முறைக்கு, தொலைதூரத்தில் இருக்கும் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய பொருள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, ஒரு பழைய அட்டைப்பெட்டியில் இடைவெளியின்றி அடுக்கச் சொல்லுங்கள். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, தெரியும் அந்த அடுக்கைக் கரிக்கோலால் வரையச் சொல்லலாம். வரைந்து முடித்தபின், எந்தப் பொருளை எதற்காக நடுவில் வைத்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.