மிளகாய்த்தூளுக்கும் ஹலாலா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுன்னாகத்தான்:
சின்ன உணவு உற்பத்திக்கூடம் ஒன்றில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. மிளகாய்த்தூள், ஒடியல் மா, கேக் எல்லாம் செய்தோம். கட்டாரில் கடை வைத்திருப்பவர் சரக்குக் கேட்டார், கூடவே ஹலால் சான்றிதழும் கேட்டார். முதலாளி அண்ணைக்குச் சிரிப்பு. "தம்பி, மிளகாய்க்கு எங்க கழுத்து அறுக்கிறது?"

எங்களுக்குத் தெரிந்த ஹலால் யாழ்ப்பாணம் ஐந்து சந்தி இறைச்சிக்கடையோடு சரி. மிச்சம் 2013இல் பத்திரிகையில் படித்தது: பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு கிளப்பிய எதிர்ப்பு, உள்ளூர்ப் பொருள்களில் முத்திரை வேண்டாமென்று, அப்போது சான்றிதழ் கொடுத்துவந்த உலமாக்கள் சபையான ஜம்இய்யத்துல் உலமா இறங்கிவந்தது. 2014இல் சான்றிதழ் வேலை தனி நிறுவனத்துக்குப் போனது விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவந்தது.

கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர், ஆலையில் மிளகாயைத் தவிர வேறென்ன அரைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு நேரே கேக் பகுதிக்குப் போய்விட்டார். வனிலா எசன்ஸ் எதில் கரைத்தது, அல்ககோலிலா? கேக் ஜெல்லில் இருக்கும் 471, அதாவது கொழுப்பிலிருந்து செய்யும் குழம்பாக்கி, எந்தக் கொழுப்பு? தாவர எண்ணெயில் செய்தாலும் மிருகக் கொழுப்பில் செய்தாலும் டப்பாவில் அதே 471தான். தயாரித்தவரிடமிருந்து கடிதம் வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்கு விநியோகஸ்தர் எங்களை இழுத்தடித்த இழுப்பு இருக்கிறதே!

பிறகு தட்டுக்கு எண்ணெய் பூசும் பிரஷைக் கையில் எடுத்தார். ஹாட்வெயாரில் வாங்கிய பெயின்ட் பிரஷ்தான். பன்றி மயிர். அண்ணை சிரிப்பை நிறுத்தியது அங்கேதான். அன்றே சிலிக்கன் பிரஷ் வாங்கினோம்.

நல்லூர்ப் பிள்ளை:
எங்கள் வீட்டுக் கதை வேறு. நல்லூர்த் திருவிழா முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது, அம்மா யோகட்டோடு சமாளிப்பார். ஒருநாள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஜெலற்றின், மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஹலால் என்று இருக்கிறதே, பயமில்லை என்றார் அம்மா. பன்றி இல்லை என்பதற்குத்தான் அது உத்தரவாதம், முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலற்றினுக்குத் தாராளமாக ஹலால் கிடைக்கும் என்று சொன்னேன். அம்மாவுக்கு மாடென்றால் இன்னும் மோசம்! சைவக்காரர் ஹலால் முத்திரையை நம்பி வாங்குவதைக் கடைகளில் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சுன்னாகத்தான்:
பிள்ளை, ஜெலற்றினுக்குப் பதிலாகக் கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சிப் பாருங்கோ. ஒட்டுமடத்தில் என் முஸ்லிம் சிநேகிதன் வீட்டில் நோன்பு திறக்க அதுதான். உங்கள் அம்மாவுக்கும் ஆகும், அவர்களுக்கும் ஆகும். ரோஸ் சிரப்பை மட்டும் அளவாக விடுங்கோ, கூடினால் திகட்டும்.