நிவாரணப் பணியிலிருந்து திரும்பி 5 வாரம் ஆகிறது, இன்னும் கைக்கடிகாரம் கட்ட முடியவில்லை

கேள்வி: கள_செவிலியர்

வணக்கம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் 9 வருடமாக வேலை பார்க்கும் ஆண் செவிலியர். ஒரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு மருத்துவ நிவாரணக் குழுவோடு போய் 18 நாள் இருந்துவிட்டு வந்தேன். எந்த நாடு, எந்தக் குழு என்பதை இங்கே சொல்லவில்லை, என் கேள்விக்கு அது தேவைப்படாது.

ரத்தமும் சாவும் எனக்குப் புதிதில்லை. அங்கே இருந்தவரை கை ஒருமுறைகூட நடுங்கவில்லை, திரும்பி வந்த முதல் வாரமும் நன்றாகத்தான் இருந்தேன். இரண்டாவது வாரம்தான் ஆரம்பித்தது.

ஒருவர், நாற்பது வயது இருக்கும். இரண்டு கால்களும் தொடை வரை கான்கிரீட் பலகைக்கு அடியில். முழுதாக ஒரு நாளுக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார். நான் இடுக்கு வழியாக ஊர்ந்து போய் அவர் தலைமாட்டில் படுத்துக்கொண்டேன். தெளிவாகப் பேசினார், வலிகூடப் பெரிதாக இல்லை என்றார். அடிக்கடி மணி கேட்டார். இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கடிகாரக் கண்ணாடி மேல் இருந்த புழுதியைத் தன் கட்டைவிரலால் துடைத்து, அவரே பார்த்துக்கொண்டார். வெளியே எடுப்பதற்கு முன் சலைன் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு முறை குத்தியும் நிற்கவில்லை. எலும்புக்குள் ஏற்றும் ஊசி இருந்த பெட்டி எங்கள் குழுவின் இன்னொரு பாதியிடம் இருந்தது. அதற்குள் நில அதிர்வு மறுபடி வந்துவிட்டது, மீட்புக் குழுவினர் பலகையைத் தூக்கி அவரை எடுத்துவிட்டார்கள். வெளிச்சத்துக்கு வந்து 4 நிமிடத்தில் இதயம் நின்றது. சிபிஆர் செய்தோம், வரவில்லை.

இப்போது தினமும் விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கடிகாரத்தைக் கட்டினால் அந்த இடத்தில் பிடி இருப்பது போலவே இருக்கிறது, அதனால் நாடி பார்க்கச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். போன வாரம் கால் சுளுக்கோடு வந்த ஒருவர் ஒரு மணி நேரம் காக்க வைத்ததற்குச் சத்தம் போட்டார், நானும் பதிலுக்குக் கத்திவிட்டேன், இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்ததே இல்லை. வீட்டில் மனைவி பேசுவதில் பாதிதான் காதில் விழுகிறது. "எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறாய்" என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடலாம் போல இருக்கிறது.

அங்கே கடைசி இரவு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததிலேயே மோசமான காட்சியைச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

அடுத்த குழுவுக்குப் பெயர் கேட்கிறார்கள். எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருக்கிறது, அங்கே இருந்தால்தான் சரியாக இருப்பேன் என்று தோன்றுகிறது. இது தானாகச் சரியாகுமா? நான் போகலாமா?

பதில் 1: பழைய_கள_மருத்துவர்

தம்பி, முதலில் அந்த 4 நிமிடத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போய் ஆறுதல் சொல்லத்தான் பார்ப்பார்கள்.

நீ பார்த்தது க்ரஷ் சிண்ட்ரோம். உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நசுங்கிய தசை உடையும்போது அதற்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது. மேலே பாரம் இருக்கும்வரை அதில் பெரும்பகுதி காலிலேயே தேங்கி நிற்கும், பாரத்தை எடுத்ததும் மொத்தமாக ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகிறது. அதனால்தான் அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே வந்த சில நிமிடத்தில் போய்விடுகிறார். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது இடிபாட்டிலிருந்து எடுத்தவர்களைக் கவனித்து 1941இல் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதை எழுதினார். அவர் பார்த்தவர்களில் பலர் சில நாள் தாங்கி, பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இன்றைக்கு நாம் பலகையைத் தூக்கும் முன்பே மணிக்கு 1 லிட்டர் கணக்கில் சலைன் ஏற்ற வேண்டும் என்று சொல்வதெல்லாம் அப்படிச் செத்தவர்களிடமிருந்து கற்றதுதான்.

டிரிப் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். டிரிப் ஏற்றியும் என் கண் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஒரு நாளுக்கு மேல் இரண்டு தொடையும் நசுங்கிக் கிடந்தவர் உடம்பில் நீர் வற்றி நரம்பெல்லாம் ஒட்டிப்போயிருக்கும், பாதி இருட்டில் படுத்துக்கொண்டு ஒரு கையால் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் குழாய் ஊசி) போடுவது எப்படிப்பட்ட வேலை என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு வேலை சொல்கிறேன், முடிந்தால் செய். தனியாக வேண்டாம், களத்தில் இருந்த யாராவது ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிடக் கணக்காக எழுது. எத்தனை மணிக்கு உள்ளே போனாய், யார் என்ன சொன்னார்கள், தூக்குவது என்று முடிவு எடுத்தது யார், அந்த நிமிடத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது. இப்போது தெரிந்ததை அதில் சேர்க்காதே. ஒரு வெள்ளத்தில் ஒரு குழந்தை போனதை நான் 2 வருடம் என் தலையில் சுமந்தேன், எழுதிப் பார்த்தபோதுதான் படகு வரத் தாமதமானதையும் என் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன் என்று தெரிந்தது. என் பங்கு என்று கொஞ்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது, ஆனால் அதைத் தூக்க முடிகிறது.

எழுதும்போது மூச்சு அடைத்தால் நிறுத்திவிடு. மிச்சத்தை ஒரு மனநல நிபுணர் முன்னால் எழுதிக்கொள்ளலாம்.

பதில் 2: மனநலப்_பணியாளர்

மேலே ஐயா சொன்னதோடு சேர்த்து, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் பேரிடர்ப் பணியாளர்களுக்குச் சிகிச்சை தருபவள்.

முதல் சில வாரங்கள் கெட்ட கனவு, எரிச்சல், சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது இதெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு வரும், பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து, சில பொருட்களை ஒதுக்க வைத்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால்தான் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவோம். உங்களுக்கு 5 வாரம் ஆகிவிட்டது, கடிகாரத்தை ஒதுக்குகிறீர்கள், தூக்கம் இன்னும் சரியாகவில்லை. பெயர் வைப்பது நேரில் பார்ப்பவர் வேலை, ஆனால் காத்திருந்து பார்க்கும் கட்டம் முடிந்துவிட்டது, இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

கடைசி இரவு வட்டமாக உட்கார வைத்தார்கள் என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஒரே அமர்வில் எல்லோரையும் நடந்ததை விவரிக்க வைப்பது பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2002 வாக்கிலேயே சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டன. அதில் இருப்பது மிக எளிமை: பார், கேள், இணைத்து விடு. யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்பது அதில் அடிப்படை. அதனால் அன்று உங்களுக்கு மோசமானதை வைத்துப் 'பேசினாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிகிச்சையில் பேசுவது வேறு மாதிரி இருக்கும். ஒருவரோடு மட்டும், உங்கள் வேகத்தில், பல வாரங்களாகப் போகும். அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்றால் பொதுவாக 8 முதல் 12 அமர்வு. கண்ணை இருபக்கமும் அசைத்தபடி அந்த நினைவை அணுகும் இஎம்டிஆர் என்ற முறையும் இருக்கிறது, இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் பயத்தைவிட 'நான் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை' என்பதுதான் அதிகம் தெரிகிறது. இதற்கு மாரல் இன்ஜுரி என்று ஒரு பெயர் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் பேசத் தொடங்கியது, இப்போது மருத்துவப் பணியாளர்களுக்கும் சொல்கிறோம். போகும் இடத்தில் கனவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அந்த ஊசிப் பெட்டியைப் பற்றியும் சொல்லுங்கள்.

தூங்குவதற்கு நீங்களாக எந்த மாத்திரையும் எடுக்காதீர்கள், மது வேண்டவே வேண்டாம். நீங்கள் மருந்து கைக்கெட்டும் இடத்தில் வேலை செய்பவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பதில் 3: திரும்பி_வந்தவரின்_மனைவி

அண்ணா, நான் மருத்துவத் துறையில் இல்லை. என் கணவர் ஆம்புலன்ஸில் வேலை செய்தவர், ஒரு புயல் நிவாரணத்துக்குப் போய் வந்தார். வந்த பிறகு வேலை முடிந்து வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார், அரை மணி, முக்கால் மணி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் மேல் ஏதோ வெறுப்பு என்றுதான் பல வாரம் நினைத்தேன், யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் அவராகச் சொன்னார், "வண்டியிலிருந்து இறங்கினால் ஏதாவது ஒரு வாசனை வருமோ என்று பயமாக இருக்கிறது" என்று. அந்த ஒரு வரி போதுமாக இருந்தது எனக்கு. முழுக் கதையை இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு நான் கேட்பதெல்லாம் "பேசணுமா, சும்மா பக்கத்தில் இருக்கட்டுமா" என்பதுதான். பெரும்பாலும் சும்மா இரு என்பார். இருவரும் சேர்ந்து நடக்கப் போவோம், நேருக்கு நேர் உட்காருவதைவிட நடக்கும்போது அவருக்குப் பேச்சு வரும்.

அண்ணி இப்போது ஜன்னலில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்ல வேண்டாம். கடிகாரத்தை ஏன் கழற்றி வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பதில் 4: களஞ்சியப்_பொறுப்பாளர்

இரண்டாவது கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. போகாதீர்கள், இந்தத் தடவை. நானும் உங்களைப் போலவே 'அங்கே போனால் சரியாகிவிடும்' என்று 2 மாதத்தில் மறுபடி போனேன். அங்கே சரியாக இருப்பது போலத் தோன்றியதற்குக் காரணம், யோசிக்க நேரமே இல்லாததுதான். திரும்பியதும் இரண்டும் சேர்ந்து அடித்தது, ஒரு வருடம் வேலைக்கே போக முடியவில்லை. தூங்காத ஆளை நம்பி நோயாளிகள் இருக்கக் கூடாது என்பதும் ஒரு விஷயம், அதை நீங்களே உங்கள் ஷிப்டில் இன்னொருவருக்குச் சொல்வீர்கள்.

ஆனால் முழுதாக ஒதுங்கவும் வேண்டாம். குழு புறப்படும் முன் பெட்டி கட்டும் வேலை இருக்கும். எலும்பு ஊசி ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது, உள்ளே ஊர்ந்து போகும் ஒவ்வொருவர் பையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் பட்டியலில் இப்படி ஒருவர் கடிதம் எழுதிய பிறகு சேர்த்தவை பல உண்டு.

கள_செவிலியர் (10 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்று இரவே மனைவியிடம் கடிகாரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, என் மணிக்கட்டை மெதுவாகத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், முதலில் இழுத்துக்கொள்ளத் தோன்றியது, அப்புறம் விட்டுவிட்டேன். சிகிச்சைக்கு ஒரு அமர்வு போய் வந்தாயிற்று, அடுத்தது வரும் வியாழன். அடுத்த குழுவுக்கு என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஊசி விஷயத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐயா சொன்ன நிமிடக் கணக்கை அன்று என்னோடு இருந்த மீட்புக்காரர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டே எழுதினேன். நான் சுத்தமாக மறந்துபோன ஒன்றை அவர் சொன்னார். முதல் அதிர்வு வந்தபோதே என்னை வெளியே வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் "இன்னொரு தடவை குத்திப் பார்க்கிறேன்" என்று உள்ளேயே இருந்திருக்கிறேன். அந்த இரண்டாவது முறை அதுதானாம். இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

3 மணி விழிப்பு இன்னும் இருக்கிறது, தினமும் இல்லை. கடிகாரம் மேஜை மேல்தான் இருக்கிறது. கண்ணாடியில் அவர் விரல் துடைத்த இடம் இன்னும் தெரிகிறது, சுத்தம் செய்ய மனம் வரவில்லை.