உமிக் கொதிகலனுக்கு இடர் ஆய்வு: எங்கிருந்து தொடங்குவது?

மன்னார்குடி ஆலைப் பணியாளர்:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். உமி எரிக்கும் கொதிகலனிலிருந்து நெல் அவிக்கும் தொட்டிகளுக்கும் உலர்த்திக்கும் நீராவி போகிறது. இடர் மதிப்பீடு ஒன்றை எழுதித் தருமாறு முதலாளி கேட்டிருக்கிறார். கையில் கிடைத்த படிவத்தில், ஒவ்வோர் ஆபத்துக்கும் நிகழும் வாய்ப்பு, பாதிப்பின் கடுமை ஆகிய இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்க வேண்டும். 'கொதிகலன் வெடிப்பு' என்று எழுதி, வாய்ப்பு 1, கடுமை 5 என்று இட்டால் 5 தான் வருகிறது. ஈரத்தரையில் வழுக்கி விழுவதற்கு அதைவிட அதிகமாக வருகிறது. இந்தக் கணக்கு சரிதானா? ஒவ்வொரு பகுதியிலும் இயல்பிலிருந்து எது எப்படி விலகலாம் என்று கேட்டு ஆபத்தைத் தேடும் ஹேசாப் (HAZOP) முறை எங்கள் ஆலைக்குப் பொருந்துமா?

தஞ்சைக் கொதிகலன் பொறியாளர்:
ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. வெடிப்பு என்பது விளைவு. எது எது தவறினால் அது நேரும் என்று பார்க்காமல் இடும் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஹேசாப் 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில், வேதியியல் ஆலைகளுக்காக உருவான முறை என்றாலும் உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும். முதலில் ஊட்டுநீர்த் தொட்டியிலிருந்து பம்பு வழியாகக் கொதிகலன் வரையிலான குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டம் இல்லை, குறைவு, அதிகம், எதிர்த்திசை என்று ஒவ்வொரு விலகலாகக் கேளுங்கள்.

'ஓட்டம் இல்லை' என்பதற்குப் பம்பு பழுது, தொட்டி வற்றுதல், வடிகட்டி அடைப்பு, மின்தடை எனப் பல காரணங்கள் வரும். இவற்றில் மின்தடையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். எரிவாயுக் கொதிகலனைப் போல இதை நொடியில் அணைக்க முடியாது. பம்பு நின்ற பிறகும் அடுப்பில் கிடக்கும் உமித்தணல் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். நீர்மட்டம் தாழ்ந்தால் ஒலிக்க வேண்டிய மணியும் அதே மின்சாரத்தில் இயங்கினால், படிவத்தில் இரண்டு பாதுகாப்பு என்று எழுதியது அந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லாமல் போகும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால், ஈர நெல்லுக்காக ஆலை இரவும் பகலும் ஓடும் நாள்களும் மின்சாரம் போகும் நாள்களும் நம் டெல்டாவில் ஒன்றாகவே வருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பகுதியில் இருந்துகொண்டு வாய்ப்பு 1 என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீர் வற்றிப் பழுக்கக் காய்ந்த குழாய்களில், மின்சாரம் வந்ததும் பதற்றத்தில் தண்ணீரை விடுவதுதான் பேராபத்து. 1 லிட்டர் நீர், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 லிட்டர் நீராவியாக விரியும். அந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது கொதிகலனை இயக்குபவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாமல் ஆய்வுக்கு உட்காராதீர்கள்.

நாகைப் பாதுகாப்பு அலுவலர்:
இன்னொன்றையும் சேருங்கள். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதியியல் ஆலையில் 28 பேர் இறந்த வெடிப்பைப் பற்றிய விசாரணை, பழுதான ஓர் உலையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் தற்காலிகமாக மாட்டிய குழாய் பிய்ந்ததையே காரணமாகக் கண்டது. முறையான வடிவமைப்புக் கணக்கு இல்லாமல் அதை மாட்டியிருந்தார்கள். நம் ஆலைகளிலும் பராமரிப்புக்கு நிறுத்தும்போதுதான் நீராவிக் குழாயில் புதிய கிளை வைக்கிறார்கள், வால்வை இடம் மாற்றுகிறார்கள். மாற்றிய பகுதிக்கு ஆய்வை மீண்டும் செய்த பிறகே ஓட்ட வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

மன்னார்குடி ஆலைப் பணியாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்களிடம் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. அதை ஒரு பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்கலாமா?

தஞ்சைக் கொதிகலன் பொறியாளர்:
எடுக்கலாம், ஆனால் அது தானாக ஓடத் தொடங்குமா, எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தரைமட்டத்தில் இருந்தால், மின்சாரத்தை நிறுத்தும் அதே மழைவெள்ளம் ஜெனரேட்டரையும் நிறுத்திவிடும். கொதிகலனின் சொந்த நீராவியின் விசையாலேயே, மின்சாரம் இல்லாமல் அதற்குள் நீரைத் தள்ளும் இன்ஜெக்டர் ஒன்றையும் வைப்பது நல்லது. ஊட்டுநீர் மிகவும் சூடாக இருந்தால் அது இழுக்காது என்பதால், குளிர்ந்த நீர்த் தொட்டியிலிருந்து அதற்குத் தனிக்குழாய் கொடுங்கள். மணியைப் பேட்டரிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் நீர்மட்டக் கண்ணாடியின் வடிகாலைத் திறந்து, அடைப்பு இல்லை என்று சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.