எங்கள் பக்கத்துக் கடைத்தெரு: கண்டதும் கேட்டதும்

புறநகரில் குடியிருப்பவர்களுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு கடைத்தெரு இருக்கும். பெருநகரத்துக்குப் போகாமலே பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தெருவில் அண்மையில் என்ன திறந்தார்கள், எது மூடியது, யாரிடம் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். கடைக்கு மதிப்பெண் போட வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். நானே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவின் நடுவில் ஒரு கடை ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. அப்புறம் திடீரென்று கண்ணாடிக்கு உள்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டினார்கள். சிறுவர்கள் உயரத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஒரு நாள் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு அம்மாள் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, “துணி திருத்துற கடைங்க. வேலை இன்னும் முடியல, பரவாயில்ல, உள்ள வந்து பாருங்க” என்றார்.

புதுத்துணி தைப்பதில்லையாம். இடுப்பு சுருக்குவது, நீளம் குறைப்பது, கிழிசல் தெரியாமல் தைப்பது, பை வார் மாற்றுவது, இவை மட்டும்தான். கையில் இருந்த என் பையின் ஜிப் பல நாளாக மூடாமல் இருந்தது. மொத்த ஜிப்பையும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல் எல்லாம் நன்றாக இருக்கிறது, ரன்னரின் வாய்தான் விரிந்துபோயிருக்கிறது, அதனால்தான் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவில்லை என்றார். குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் லேசாக, லேசாக அழுத்தினார். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் நகரவே நகராதாம். இழுத்துப் பார்த்தோம், மூடியது. “இது தேய்ஞ்ச ரன்னர். மறுபடியும் விரியும். அப்ப வாங்க, ரன்னரை மட்டும் மாத்திக்கலாம்” என்றார். காசு வாங்கவில்லை.

ஏன் இந்த இடம் என்று கேட்டேன். பக்கத்தில் சலவைக் கடை. வெளுக்கத் துணி கொண்டுவருகிறவர்களுக்கு அப்போதுதான் பொத்தான் போனதும் தையல் விட்டதும் கண்ணில் படும். சலவைக்காரரே ஆள் அனுப்புகிறார். அதோடு இது பழைய கட்டடம். முனையில் புதிதாகக் கட்டிய வணிக வளாகத்தில் கேட்ட வாடகைக்கு இந்தத் தொழில் தாங்காது என்றார். நகரங்கள் எப்படி இயங்குகின்றன என்று புத்தகம் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே சொன்னது இதுதான். புதுக் கட்டடத்தின் செலவைத் தாங்குவது ஏற்கெனவே காலூன்றிய பெரிய வியாபாரங்களால்தான் முடியும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பழைய கட்டடம் வேண்டும் என்றார். சுவர் காரை பெயர்ந்த கடைகளை எல்லாம் இடித்து ஒரே மாதிரி கட்டினால்தான் தெரு முன்னேறும் என்று பேசுகிறவர்களை ஒரு தடவை இந்த அம்மாளின் கடைக்கு அழைத்துப் போக வேண்டும்.

*

நான் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவன். நோட்டு, பேனா, ஓவியத் தாள், வண்ணம் விற்கிற சின்னக் கடை. மேலே எழுதிய நண்பர் பழுப்புத் தாளை வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

முதல் போணி ஆவதற்கு முன்னாலேயே பணம் போய்க்கொண்டே இருக்கும். அட்வான்ஸ், மர அலமாரி, மின் இணைப்பு, உரிமம், போர்டு. அப்புறம் சரக்கு. வாங்கி அடுக்கிய சரக்கு விற்கிற வரை அது நம் பணம் இல்லை, அலமாரியின் பணம். கடை திறந்த அன்று உறவும் நட்பும் வந்து கூட்டமாக இருக்கும். அதை வைத்து எதையும் கணக்குப் போடக் கூடாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை நெடுங்காலமாக எடுத்துவருகிற கணக்கில், புதிய தொழில்களில் ஏறக்குறைய 20 சதவீதம் முதல் வருடத்திலேயே மூடிவிடுகின்றன. ஐந்து வருடம் ஆகும்போது சுமார் பாதிதான் மிஞ்சுகின்றன. அதை முதலில் படித்தபோது பயமாக இருந்தது. இப்போது என் கடைக்கு எதிரே ஷட்டர் இறங்குவதைப் பார்க்கும்போது அதற்குள் இருந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

பக்கத்துக் கடைப் பெரியவர் எனக்கு முதல் வாரத்திலேயே ஒன்று சொன்னார். “போர்டுல என்ன நேரம் எழுதியிருக்கீங்களோ அந்த நேரத்துக்குக் கடை திறந்திருக்கணும் தம்பி. மழை பெய்யுது, ஆள் இல்லைன்னு சாத்தக் கூடாது. ஒரு தடவை வந்து பூட்டைப் பார்த்தவங்க அப்புறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க.” இதைவிட உருப்படியான வியாபாரப் பாடம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பேனா எழுதிப் பார்ப்பதற்காகக் கவுண்டரில் ஒரு தாள்கட்டு வைத்திருக்கிறேன். பெரியவர்கள் எந்தப் பேனாவை எடுத்தாலும் தங்கள் கையெழுத்தைத்தான் போடுகிறார்கள். பிள்ளைகள் யாரும் அப்படிச் செய்வதில்லை, எதையாவது வரைவார்கள். ஒரு சிறுமி அம்மாவோடு வந்து, வைத்திருந்த தூரிகைப் பேனா அத்தனையையும் எடுத்து ஒரு மீன் வரைந்தாள், ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிறம். கடைசியில் ஒரே ஒரு பேனா வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தாளைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அன்றே வந்த இன்னொருவர் என்னிடம் கால் மணி நேரம் தாளின் கனம் பற்றி விளக்கம் கேட்டுவிட்டு, அட்டையைப் படம் எடுத்து, என் கண் முன்னாலேயே செல்போனில் ஆர்டர் போட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. விலை குறைவாகக் கிடைத்தால் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் தொட்டுப் பார்க்க, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு இடம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஏதாவது வாங்கவும் வேண்டும். நேரடியாகவே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*

பார்க்கிங் பற்றி இதுவரை யாரும் பேசாதது ஆச்சரியம். எங்கள் தெருவில் சண்டை என்றால் பத்தில் ஒன்பது அதற்குத்தான்.

போன மாதம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் எதிரே புதிதாக உடற்பயிற்சிக் கூடம் திறந்தவரும் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டார்கள். கண்ணாடிக் கடை வாசலில் காலையிலிருந்து ஒரு கார் நிற்கிறது, உங்கள் கூடத்துக்கு வந்தவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று இவர். இல்லவே இல்லை என்று அவர். சாயங்காலம் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பையன் வந்து அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

இது புதுக் கதை அல்ல. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரத்தில் நட்டது இதே காரணத்துக்காகத்தான். அங்கே பத்திரிகை ஆசிரியராக இருந்த கார்ல் மாகீ தலையிட்டுத்தான் அது வந்தது. கடைத்தெருவில் வேலை பார்க்கிறவர்களே காலையில் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், வாங்க வருகிறவர்களுக்கு இடமே இருக்காது. காசு போட வேண்டும் என்றதும் நாள் முழுக்க நிற்கிற வண்டிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள் என்று எங்கள் கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்தில் 2006-ல் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தங்களிடம் வருகிறவர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். வந்தவர்களையே கேட்டபோது 22 சதவீதம்தான். மற்றவர்கள் நடந்தோ பேருந்திலோ சைக்கிளிலோ வந்தவர்கள். காரில் வருகிறவர் வாசலில் சத்தம் போடுவார், அதனால் அவர்தான் கண்ணில் நிற்கிறார். நடந்து வருகிறவர் எப்படி வந்தார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கட்டணம் வாங்கினால் அந்தப் பணம் அதே தெருவுக்குத் திரும்ப வர வேண்டும். கலிபோர்னியாவில் பசடேனா நகரத்தின் பழைய கடைவீதியில் 1993-ல் மீட்டர் வைத்தபோது முதலில் எதிர்த்தவர்கள் அங்கிருந்த கடைக்காரர்கள்தான். வசூலாகும் பணத்தை அந்த வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்குமே செலவழிப்போம் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். பாழடைந்து கிடந்த வீதி அது. இன்று ஆட்கள் தேடிப் போகிற இடம். எங்கே பார்க்கிங் பேச்சு வந்தாலும் இந்த உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

*

சின்ன விஷயம்தான், சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி. மருந்துக்கடை வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதுவரை நடந்து, உட்கார்ந்து, அப்புறம் மற்றக் கடைகளுக்குப் போவார். யாரோ வந்து இரவில் படுக்கிறார்கள் என்று அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதோடு அம்மா கடைத்தெருவுக்கு வருவதே நின்றது. இப்போது புதிதாக வந்த முடிதிருத்தகத்துக்காரர் தன் வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார். முடிவெட்ட வராதவர்களும் உட்காரலாமா என்று கேட்டோம். “அதுக்குத்தாங்க போட்டேன். நாலு பேர் உக்காந்திருந்தாத்தான் கடை திறந்திருக்குன்னே தெரியும்” என்றார். அம்மா மறுபடி வருகிறார். அவருக்கு அங்கே இரண்டு சிநேகிதிகள்கூடக் கிடைத்துவிட்டார்கள்.

*

எங்கள் தெருவைப் போன வருடம் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள். சொன்ன தேதிக்கு முடியவில்லை. கடைகளுக்கு முன்னால் ஆள் உயரப் பள்ளம், அதன் மேல் ஒரு பலகை. திறந்து சில மாதமே ஆன செடிக்கடை ஒன்று இருந்தது. அந்தத் தம்பதி தினமும் காலையில் இலைகளின் புழுதியை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார்கள். மத்தியானத்துக்குள் மறுபடியும் மண்ணாகிவிடும். வாங்க வருகிறவர்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பலகையில் நடக்கப் பயந்தார்கள். அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, காலி செய்துவிட்டார்கள். நல்ல கடை, நல்ல மனிதர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் தோண்டியிருக்கலாம், வாரக் கடைசியில் பள்ளத்தை மூடியிருக்கலாம். இதையெல்லாம் கேட்கத் தனித்தனிக் கடைக்காரர்களால் முடியவில்லை.

அதற்கு அப்புறம்தான் மீதி இருந்தவர்கள் ஒன்று கூடினார்கள். தெருமுனையில் “எல்லாக் கடைகளும் திறந்திருக்கின்றன, இந்த வழியாக வரலாம்” என்று கையாலேயே எழுதிப் பெரிய போர்டு வைத்தார்கள். பலகைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கயிறு கட்டினார்கள். டொராண்டோவில் புளூர் மேற்கு வீதிக்காரர்கள் 1970-லேயே இதைவிட ஒரு படி மேலே போனார்கள். டிராம் நின்று சுரங்க ரயில் வந்ததும் மக்கள் தெருவுக்கு அடியிலேயே கடந்துபோனார்கள், பெரிய மால்கள் வேறு ஆட்களை இழுத்தன. அதனால் வீதியில் உள்ள எல்லாக் கடையும் கட்டாயமாக ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று சட்டபூர்வமாக ஏற்பாடு செய்துகொண்டு, அந்தப் பணத்தில் விளக்கும் பூச்செடியும் பெஞ்சும் வைத்தார்கள். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

எங்கள் தெருவில் அந்த “கட்டாயமாக” என்பதில்தான் பேச்சு நின்றுபோயிருக்கிறது. தெருமுனைக் கடைகளுக்கும் உள்ளே தள்ளியிருக்கிற கடைகளுக்கும் ஒரே பங்கா, வியாபாரத்துக்கு ஏற்ற பங்கா, காலிக் கடை வைத்திருக்கிற கட்டட உரிமையாளரும் கட்ட வேண்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை. என்னைக் கேட்டால் உரிமையாளர் முதலில் கட்ட வேண்டும், தெரு நன்றாக இருந்தால் வாடகை ஏறுவது அவருக்குத்தான். உங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் இப்படிப் பங்கு பிரித்துப் பணம் திரட்டுகிறார்கள் என்றால், எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துப் படிக்கிறேன்.